இருக்கைக்குப் பின்னால் ஈயம்

அந்தப் பருவத்தில் மழை முன்கூட்டியே வந்ததா, இல்லை பிறகு பெய்த மழையைக் கொண்டுபோய் அந்த நாட்களின் மேல் நானே ஊற்றிக்கொண்டேனா, இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பட்டறையின் தகரக் கூரையில் தண்ணீர் விழும் சத்தம் இல்லாமல் அந்த வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை. வேன்காரனைக் கேட்டால், "மழையா? அந்த வருசம் மண்டைய பொளக்கிற வெயிலு" என்கிறான். இருக்கலாம். அவன்தான் வீட்டு ஆள், நான் வெளியாள். எது எங்கே இடம் மாறிப்போயிருந்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. அந்த வீட்டுப் பெண் வாராவாரம் இளைத்துக்கொண்டே போனாள். அவளுடைய அப்பா வாராவாரம் ஈயம் சேர்த்துக்கொண்டே போனார்.

அவரை எல்லோரும் பட்டறைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு முன்பக்கம் தகரக் கொட்டகை. மோட்டார் சைக்கிள், புல் வெட்டும் எந்திரம், வளைந்த கம்பிக்கதவு, எது வந்தாலும் நிமிர்த்திக் கொடுப்பார். பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த கதவைப் பகலில் யாரும் சாத்திப் பார்த்ததில்லை. கிரீஸ் வாசனை அந்தப் பக்கம் போகும், வெங்காயம் வதங்கும் வாசனை இந்தப் பக்கம் வரும். அந்தக் கதவை ஒட்டி, ஒரு பழைய போர்வையின் கீழே, பந்தய வண்டி நின்றது. கூரை கிடையாது, கதவு கிடையாது. ஓட்டுகிறவரின் இருக்கை தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருக்கும். கார்ட் என்பார்கள். விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியும். ஓடும்போது பார்த்தால் அப்படித் தோன்றாது.

ஓட்டியது மகள். பதினாறு வயது. பிறந்தபோது இரண்டு உள்ளங்கையில் அடங்கியதால் ‘பொடிசு’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்பாவின் தோளுக்கு வளர்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

பட்டறைக்காரரின் கைக்கு ஒரு பேர் உண்டு. எந்தக் கட்டியைக் கொடுத்தாலும் வாங்கி, ஒரு தடவை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, "ஒண்ணே முக்கா" என்பார். தராசில் வைத்தால் ஒன்றே முக்கால் கிலோதான் இருக்கும். வேன்காரன், அவர் மனைவியின் தம்பி, அதை வைத்தே அவரை ஓட்டுவான். "மச்சான் கை குலுக்கினா போதும், ஆளோட எடை தெரிஞ்சுடும். அதான் எங்கக்கா அவருக்குக் கையே குடுக்கறதில்ல."

அந்தப் பந்தயத்தில் ஒரு விதி இருந்தது. ஓட்டம் முடிந்ததும் வண்டியையும் ஓட்டியவரையும் ஒன்றாக எடைமேடையில் ஏற்றுவார்கள். இரண்டும் சேர்ந்து நூற்று நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் முதலில் வந்தாலும் வந்ததாகக் கணக்கில்லை. ஆகவே எடை குறைந்த பிள்ளைகளின் வண்டியில் ஈயக்கட்டிகளை இருக்கையோடு சேர்த்து முடுக்கி ஈடுகட்டுவார்கள். மற்ற அப்பாக்கள் அதை ஒரு தொந்தரவாக நினைத்தார்கள். பட்டறைக்காரர் அப்படி நினைக்கவில்லை. அவருடைய தப்பு அங்கேதான் தொடங்கியது. அந்த வேலை தெரிந்த ஒருவர்தான் அப்படித் தப்பு செய்ய முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு தராசு வைப்பார். பொடிசு பந்தய சூட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு வந்து உட்காருவாள்.

"மூச்ச இறுக்காத. விடு."

"விட்டுட்டேம்பா."

"கை ஸ்டியரிங்ல இருக்கட்டும். வளைவுக்குப் போறப்ப எப்படி உக்காருவியோ அப்படி உக்காரு. பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காராத."

"சீக்கிரம்பா. தாகமா இருக்கு."

"இப்பதானேடி குடிச்ச?"

அவர் குனிந்து நாலு எண்ணையும் பார்த்தார். உதடு அசைய மனதுக்குள் கூட்டினார். போன வாரத்தைவிட ஒன்றரை கிலோ குறைவு. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

"நல்லதுதான்," என்றார்.

கொட்டகை வாசலில் டயர் மேல் உட்கார்ந்திருந்த வேன்காரன் சிரித்தான். "எடை கொறஞ்சா நல்லதுங்கற ஒரே தகப்பன் நீதான் மச்சான்."

"உனக்குப் புரியாது மாப்ள. உடம்பு எடை நம்ம சொல் பேச்சு கேக்காது. அது நெஞ்சுல இருக்கு, தோள்ல இருக்கு, தலைல இருக்கு. வளைவுல அது சாயுற பக்கம் வண்டியயும் இழுத்துக்கிட்டுப் போகும். ஈயம் அப்படியா? வெச்ச எடத்துல கெடக்கும். தரையோட தரையா வெச்சேன்னு வையி, வண்டி ரோட்டுல ஒட்டிக்கும். இவ உடம்புல கொறையற ஒவ்வொரு கிலோவும் நான் நெனச்ச எடத்துல வெச்சுக்க எனக்குக் கெடைக்கிற கிலோ."

"அப்படின்னா இன்னும் கொஞ்சம் இளைக்கட்டும். இப்படியே போனா வண்டிய ஈயமே ஓட்டிக்கும், புள்ள வீட்டுல படுத்துக்கெடக்கலாம்."

பொடிசு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரித்தாள். பட்டறைக்காரரும் சிரித்தார். சமையலறைக் கதவில் ஒரு தட்டோடு வந்து நின்ற அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

கட்டி சேர்க்கும் வேலை பார்க்க அழகாக இருக்கும். ஈயத்தைச் சட்டியில் உருக்கிக் கட்டிகளை அவரே வார்ப்பார். முதலில் டிரில் தொட மாட்டார். ஈயக்கட்டியை டேப் போட்டு இருக்கையின் முதுகில் ஒட்டுவார். மகளை உட்காரவைத்து எடை பார்ப்பார். பின்சக்கரம் கனத்தால் கட்டியைப் பிரித்து இருக்கைக்கு அடியில், தொடைப் பக்கம் ஒட்டுவார். மறுபடி எடை. ஒரு விரற்கடை இடது பக்கம். மறுபடி. இடம் சரியாக அமைந்த பிறகு சாக்பீஸால் வட்டம் போட்டு, உள்ளேயிருந்து வெளியே துளை போடுவார். ஃபைபர் தூள் வெள்ளையாகப் பறக்கும். போல்ட்டின் தலை முதுகில் குத்தக்கூடாது என்று தட்டையான தலை, அதற்கு அடியில் அகலமான வாஷர். வெளியே கட்டி, அதன் மேல் நட்டு, நட்டின் மேல் இன்னொரு நட்டு. அதற்கும் மேல் போல்ட்டில் ஓட்டை போட்டு ஒரு பின்னைச் செருகி வளைத்துவிடுவார். ஓடும்போது ஒரு கட்டி கழன்று விழுந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு அது குண்டு. "நம்ம கட்டி ஒருத்தன் மேலயும் விழாது," என்பார். அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு வந்த கர்வத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

அவர் துளை போட்டு முடிப்பதற்குள் பொடிசு தட்டிலிருந்த நாலு முட்டையையும் ரொட்டியையும் காலி செய்துவிட்டு, பெரிய பாட்டில் தண்ணீரையும் அண்ணாந்து குடித்து முடித்திருந்தாள்.

மனைவி தையல் வேலை செய்தாள். சோபா உறை, வண்டி இருக்கை உறை, பந்தயக்காரர்களின் சூட்டில் கிழிசல் தைப்பது. மகளின் சூட்டை அந்தப் பருவத்தில் அவள் இரண்டு தடவை இடுப்பில் பிடித்துத் தைத்திருந்தாள். மூன்றாவது தடவை பிடிக்கும்போது, உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, மடித்த துணியை இரண்டு தடவை விரலால் அளந்தாள். பிறகு ஒவ்வொரு ஊசியாக எடுத்து ஊசி குத்தும் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டு, கொட்டகைக்கு வந்தாள்.

"என்னங்க, இவள ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்."

அவர் போல்ட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "எதுக்கு?"

"எதுக்கா? கண்ணு இருக்குல்ல உங்களுக்கு? மூணாவது தடவ பிடிக்கறேன். இதுக்கு மேல பிடிக்கத் துணி இல்ல, முன்னும் பின்னும் ஒட்டிக்கும்."

"சாப்பிடாம கெடக்கறாளா? நேத்து என் தட்டுலேருந்தும் எடுத்துத் தின்னா."

"அதத்தான் சொல்றேன். திங்கறது எங்க போகுது?"

"வளர்ற வயசு. நீளமா போகுது."

"நீளமா போகல. பாத்ரூமுக்குப் போகுது. ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கறா தெரியுமா? எந்திரிச்சு வந்து கொடத்துல வாய வெச்சுக் குடிக்கறா. தண்ணி ஊத்தி ஊத்தி என் கை ஓயுது."

"அவ்ளோ தண்ணி குடிச்சா போகத்தானே செய்யும்? அந்த சூட்டுக்குள்ள ஒரு தடவ நீ போயி உக்காந்து பாரு. அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்."

அவருடைய ஒவ்வொரு பதிலும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது என்று அந்த அம்மா பிற்பாடு சொன்னாள். பிறகு அவள் தன் மனதில் வெகுநாளாக இருந்ததைச் சொன்னாள்.

"எனக்கு அந்த ஈயப் பொகை மேலதாங்க சந்தேகம். சட்டில போட்டு உருக்கறீங்க. கதவு தெறந்தே கெடக்கு. பொகை நேரா அடுப்படிக்கு வருது. அது விஷம்னு சொல்றாங்கல்ல?"

உண்மைதான். ஈயம் விஷம் என்று அவருக்கும் தெரியும். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அவர் கொஞ்சநேரம் அந்த உருக்குச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலத்துக்குள் அடுப்பைக் கொல்லைக் கோடிக்குக் கொண்டுபோனார். மூன்று பக்கம் தகரம் அடித்தார். கொட்டகைத் தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். ஈயத்தைத் தொட்ட கையோடு யாரும் சமையலறைக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டு, கதவுப் பக்கம் ஒரு வாளியும் சோப்பும் வைத்தார். அந்தக் கதவு சாத்தியிருந்ததை வேன்காரன் முதல்தடவையாகப் பார்த்தது அப்போதுதான்.

பழுது எதுவென்று கண்டுபிடித்துச் சரிசெய்தாகிவிட்டது. அவரைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. இரவு நன்றாகத் தூங்கினார். மனைவிக்கும் கேட்டது கிடைத்துவிட்டதால் ஒரு வாரம் வாய் திறக்க முடியவில்லை. அந்த ஒரு வாரமும் குடம் காலியாகிக்கொண்டேதான் இருந்தது.

மறுபடியும் டாக்டர் பேச்சு வந்தபோது மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். இந்தத் தடவை மறுத்தது பொடிசுதான்.

"ஃபைனல் முடியட்டும்மா. இப்பப் போயி, டாக்டரு ஏதாவது சொல்லி, ஓட்டக்கூடாதுன்னுட்டா?"

"ஏண்டி, அப்படிச் சொல்ற அளவுக்கு ஏதாவது இருக்குன்னு உனக்கே தெரியுதா?"

பொடிசு சோற்றைப் பிசைந்தாள். அம்மா, அப்பாவைப் பார்த்தாள். அப்பா, தன் தட்டைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மகள் முகத்தில் பயம் இருந்ததை அவர் பார்க்காமல் இல்லை. ஆனால் அந்தப் பயம் பந்தயத்தைப் பற்றியது என்று எடுத்துக்கொள்வது அப்போது சுலபமாக இருந்தது. கரண்டி தட்டில் உரசும் சத்தம் கேட்டது. வெளியே கூரையில் தண்ணீர் சொட்டியது, அல்லது சொட்டவில்லை. பேசாமல் இருந்ததே முடிவாகிவிட்டது.

இறுதிப் பந்தயத்துக்கு முன் ஓட்டிப் பார்க்க ஒருநாள் கொடுத்தார்கள். பொடிசு நன்றாக ஓட்டினாள். வளைவில் அந்த வண்டி தரையில் ஒட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து வேலியோரம் நின்றார்கள். வண்டி உள்ளே வந்ததும் பட்டறைக்காரர் முட்டிபோட்டு உட்கார்ந்து, இருக்கையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை நின்றது. மறுபடி தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"என்ன மச்சான், கதவத் தட்டற மாதிரி தட்டற? உள்ள யாராவது இருக்காங்களா?"

"விரிசல் விட்ருக்கு மாப்ள."

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியல."

"கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மாறிடுச்சு பாரு. நல்ல சீட்டு ஒரு மாதிரி பேசும், அடிபட்ட சீட்டு ஒரு மாதிரி பேசும். ஈயம் அதிகமாயிடுச்சு. அந்தக் கனத்த அந்த எடம் தாங்கல."

டார்ச் அடித்து, துணியால் துடைத்து, கடைசியில் மயிரிழை போல ஒரு கோடு இருப்பதை அவனுக்குக் காட்டினார். பிறகு உட்கார்ந்து அதைச் சுரண்டி, கண்ணாடி நார்த் துணி வைத்து, பிசின் தடவி, ஊதி ஊதிக் காயவைத்தார். ஒரு குழந்தைக்கு மருந்து போடுவது மாதிரி இருந்தது என்று வேன்காரன் சொல்வான். அந்த நேரம் முழுக்க, பத்தடி தள்ளி, அடுக்கிவைத்த டயர்களின் மேல் பொடிசு படுத்திருந்தாள். சுற்றிலும் எஞ்சின்கள் அலறிக்கொண்டிருந்தன. அவள் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கினாள். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது.

"இந்தச் சத்தத்துல எப்படி மச்சான் தூங்கறா?"

"களைப்பு," என்றார் பட்டறைக்காரர், பிசினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இறுதிநாள் காலையில் கிளம்பும்போதே பொடிசு வேனில் பின்சீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டாள். வயிறு வலிக்கிறது என்றாள். பயத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் வலிக்கும் என்றார் அப்பா. வழியில் ஒரு தடவை இறங்கி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்ட அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, வாயில பழம் அழுகின மாதிரி ஒரு வாசனை?"

"ஹெல்மெட் துடைக்க ஒரு ஸ்ப்ரே வாங்கினேன், அதுவா இருக்கும்," என்றார் அவர்.

திடலில் இறங்கியதும் பொடிசு ஒரு பெரிய பாட்டில் குடித்தாள். அது முடிந்ததும் இன்னொன்று. அந்தத் தண்ணீர் உள்ளே போனதும் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. உடனே சூட்டை மாட்டிக்கொண்டு, தராசு மேல் நின்ற வண்டியில் போய் உட்கார்ந்தாள். பட்டறைக்காரர் எண்களைக் கூட்டிவிட்டுத் திரும்பவும் கூட்டினார். அவர் எதிர்பார்த்ததைவிட ஒரு கிலோவுக்கு மேல் அதிகம்.

"பாத்தியா," என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "இளைக்கறா இளைக்கறான்னியே. ஏறியிருக்கு."

மனைவி அந்த எண்ணைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். எண்ணை நம்புவதா கண்ணை நம்புவதா என்று தெரியாமல் நின்றாள்.

தேவைக்கு மேல் எடை இருந்தால் அதை வீணாகச் சுமக்கிறோம் என்பது அவர் கணக்கு. பின்னை நிமிர்த்தி, இரண்டு நட்டையும் கழற்றி, கடைசியாகச் சேர்த்த சின்னக் கட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பை ஒரு பக்கமாகத் தொங்கியது.

பந்தயத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. அவள் ஜெயித்தாள். முதல் பாதியில் யாரும் அவள் அருகில் வர முடியவில்லை. கடைசிச் சில சுற்றுகளில் ஏதோ ஒன்று மாறியது. ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பினாள், தூக்கத்திலிருந்து எழுப்பிச் சொன்ன பிறகு திரும்புகிறவள் போல. ஓரிடத்தில் இரண்டு சக்கரம் புல்லில் இறங்கி ஏறியது. வேன்காரன் வேலியைப் பிடித்துக்கொண்டு, "முழிச்சுக்கோ புள்ள, முழிச்சுக்கோ" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பட்டறைக்காரர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டி ஏதோ லூசாயிருக்கு," என்றார். "பின்பக்கம் ஆடுது பாரு."

கொடி அசைந்தது. முதல் ஆளாக வந்து எடைமேடைக்கு அருகே நின்றாள். ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு, "தண்ணி," என்றாள்.

அம்மா பாட்டிலோடு ஓடினாள். வேலியருகே பட்டறைக்காரர் அவள் கையைப் பிடித்துவிட்டார். "குடுக்காத! எடை பாக்கற வரைக்கும் ஒரு சொட்டு குடுக்கக்கூடாது. விதி. குடுத்தா ஜெயிச்சது போயிடும்."

"புள்ள கேக்கறாங்க!"

"ரெண்டு நிமிசம். ரெண்டே நிமிசம் பொறுத்துக்கோம்மா," என்று மகளைப் பார்த்துக் கத்தினார். அவள் தலையாட்டினாள். ஹெல்மெட்டின் கனத்தில் தலை தானாக ஆடியதா, தெரியாது.

எடைக்காரர் என்று ஒருவர் இருந்தார். வயதானவர், எண்ணைத் தவிர வேறெதுவும் பேசாதவர். வண்டியைத் தள்ளி மேடையில் ஏற்றச் சொன்னார். பொடிசு அதில் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"நூத்தி நாப்பத்தி ரெண்டே முக்கால்," என்றார்.

"என்னது?"

"கொறையுது. எறக்குங்க."

"இருக்காதுய்யா. காலைல நானே பாத்தேன். சரியா இருந்துச்சு."

"நான் காலைல பாக்கல. இப்ப பாக்கறேன். கொறையுது."

பட்டறைக்காரருக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான். கட்டி கழன்று விழுந்திருக்கிறது. ஒருத்தன் மேலயும் விழாது என்று சொன்ன தன் கட்டி. "எறங்கும்மா, எறங்கு எறங்கு," என்று மகளை அவசரமாக எழுப்பிவிட்டு, வண்டியைப் புரட்டிப்போட்டார். பொடிசு தள்ளாடி நடந்து வேலியோரம் போய் உட்கார்ந்தாள்.

முதுகில் இருந்தது. அடியில் இருந்தது. தொடைப் பக்கம் இருந்தது. நட்டு அசையவில்லை, பின் வளைந்தபடியே இருந்தது. ஒட்டுப்போட்ட விரிசல்கூட அப்படியே இருந்தது. அவர் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். பிறகு தலைகீழாக எண்ணினார். ஒன்றுகூட விழவில்லை.

"உங்க மேடை தப்பு," என்றார் எழுந்து.

எடைக்காரர் பக்கத்திலிருந்த படிக்கல்லை உருட்டி மேடையில் ஏற்றினார். ஐம்பது கிலோ. மேடை ஐம்பது என்றது. இன்னொன்றை வைத்தார். நூறு என்றது.

"நானு எல்லாத்தயும் எண்ணிட்டேன்யா. எல்லாம் இருக்கு. ஒண்ணு விடாம இருக்கு. ஒண்ணு நான் காலைல எடுத்தேன், இதோ, இது ஒரு கிலோகூட இல்ல. எடுத்தப்புறமும் சரியா இருந்துச்சு. அப்பறம் எதுய்யா கொறையும்?"

அவர் கேட்டது எடைக்காரரை. பதில் பின்னாலிருந்து வந்தது. மனைவி, பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் பேசினாள்.

"காலைல நீங்க நிறுத்துப் பாத்தது தண்ணியத்தாங்க. புள்ளய இல்ல."

அவர் திரும்பினார். சட்டைப் பையிலிருந்த கட்டி விலாவில் இடித்தது. வேலியோரம் பொடிசு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் இன்னும் தலையில் இருந்தது. மூன்று தடவை பிடித்துத் தைத்த சூட்டு, அதற்குள்ளே யாரும் இல்லாதது மாதிரி மடிந்து கிடந்தது. மார்பு மட்டும் வேகமாக, ஆழமாக ஏறி இறங்கியது, ஓட்டம் இன்னும் முடியாதது போல. கண் பாதி திறந்திருந்தது. அம்மா போய் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அந்தப் பழ வாசனை எடைமேடை வரைக்கும் வந்தது.

அவர் குனிந்து மகளைத் தூக்கினார். அந்தப் பருவம் முழுக்க அவளை அவர் தொட்டுத் தூக்கியதே இல்லை. வாராவாரம் வண்டியைத்தான் தூக்கியிருக்கிறார், தராசின் மேல் வைக்க. இப்போது இரண்டு கையும் அவளுக்கு அடியில் போனதும், எப்போதும் போல, அவர் கேட்காமலே கை சொல்லிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வேன்காரன் வேனை எடுக்க ஓடினான்.

மருத்துவமனையில் நர்ஸ் ஒருத்தி கேட்டாள். "எடை எவ்ளோ? மருந்துக்கு வேணும், சீக்கிரம் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். அவருக்கு எல்லா எண்ணும் தெரியும். வண்டியோடு எவ்வளவு, ஹெல்மெட்டோடு எவ்வளவு, இடது பின்சக்கரத்தில் எவ்வளவு, ஈயம் இன்னும் எவ்வளவு வேண்டும். எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு என்ற அந்தக் கழித்தலை மட்டும் அவர் ஒருநாளும் போட்டதில்லை. உதடு அசைந்து நின்றது.

"அப்பாதானே நீங்க? சுமாரா சொல்லுங்க."

அவர் தன் இரண்டு கையையும் பார்த்தார்.

"முப்பத்தெட்டு," என்றார்.

நர்ஸ் நம்பாமல் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கட்டிலோடு இருந்த தராசு பிறகு அதையேதான் காட்டியது.

பொடிசு பிழைத்தாள். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார்கள். ஈயப் புகைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றும், ஆரம்பத்திலேயே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும் சொன்னார்கள். தினமும் ஊசி போட்டுக்கொள்கிறாள். வேறு ஊரில் வேலை. பந்தயம் ஓட்டக்கூடாது என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை, அவள் ஓட்டவில்லை. வண்டியை வேறொருவர் எடுத்துப்போனார். கட்டிகளைக் கழற்றாமல்தான் கொடுத்தார்கள். இப்போது அந்த ஈயம் யார் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதோ தெரியாது. எடைக்காரர் இறந்துவிட்டார். வேன்காரனுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அவன் இன்னும் எல்லாவற்றையும் பற்றி ஜோக் அடிப்பான். வண்டியை ஈயமே ஓட்டிக்கொள்ளும் என்ற அந்த ஒரு ஜோக்கை யாராவது ஞாபகப்படுத்தினால் எழுந்து போய்விடுவான். அந்த அம்மா இன்னும் தைக்கிறாள், கணவரோடு பேசுகிறாள், சிரிக்கக்கூடச் செய்கிறாள். கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கும் கதவு மட்டும் சாத்தியே இருக்கிறது.

பட்டறைக்காரர் அதே கொட்டகையில் வேலை பார்க்கிறார். பழைய ஞாபகத்தில் யாராவது ஒரு கட்டியை நீட்டி எடை சொல்லச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். மகள் விடுமுறைக்கு வரும்போது வாசலில் அவள் பையை வாங்க மாட்டார். அவள் மணிக்கட்டைப் பிடித்து, கொஞ்சம் மேலே தூக்கி, ஒரு கணம் அப்படியே வைத்திருந்துவிட்டு, விடுவார்.